படவேட்டுத் தாய்க்கு அம்மாவின் கண்மலர்

ஆடி வெள்ளி வேண்டாம், கூட்டத்தில் நசுங்கிப்போவாய் என்று நானும் என் மனைவியும் பத்து நாள் மன்றாடிப் பார்த்தோம். அம்மா கேட்கவில்லை. கண்புரை அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவே மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, பார்வை திரும்பினால் ஆடி வெள்ளியில் வெள்ளிக் கண்மலர் சாத்துவதாகப் படவேட்டு ரேணுகாம்பாளிடம் சொல்லிவிட்டாளாம். அதுவும் ரயிலில்தான் வருவாளாம். ரயில் முதலிலேயே வேண்டுதலில் இருந்ததா, பிறகு சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

காட்பாடியில் விழுப்புரம் பாசஞ்சரில் ஏறினோம். பாலாற்றுப் பாலம் வந்ததும் அம்மா சுருக்குப்பையிலிருந்து காசை எடுத்துக் கீழே எட்டிப் பார்த்தாள். மணலும் முள்ளும்தான். "காசு போட ஆறு வேண்டாமா?" என்று திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வேலூர் கன்டோன்மென்ட் தாண்டிய பிறகுதான் இந்தத் தடத்துக்கு அழகே வருகிறது. பாறைகளை யாரோ அடுக்கிவைத்தது போன்ற குன்றுகள், கரும்பு, தென்னை, தூரத்தில் நீலமாக மலை. ஒற்றைத் தடம் என்பதால் எதிர் வண்டிக்காக வெகுநேரம் நின்றோம். அம்மாவுக்கு அதுவும் சந்தோஷம். மூன்று வருடமாகச் சத்தத்தை வைத்தே ஊர்களை அடையாளம் கண்டவள், "க-ணி-யம்-பா-டி" என்று பெயர்ப்பலகையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல் எழுத்துக்கூட்டினாள். 1989-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது படவேடு திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. அம்மாவின் கணக்கில் எல்லாம் இன்னும் வட ஆற்காடுதான்.

கண்ணமங்கலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். சந்தவாசலுக்கு அப்பால் சாலையோரமெல்லாம் வாழைத் தோட்டம். சம்புவராயர்கள் தலைநகராக வைத்து ஆண்ட ஊர் இது என்று சொன்னால்தான் தெரியும்.

ஆட்டோ நிற்பதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அம்மாவின் செருப்பைக் காலிலிருந்தே கழற்றப் பார்த்தார். தேங்காய்த் தட்டு முன்னூறு ரூபாய், பேரம் பேசினால், "சாமி காரியத்தில் கணக்குப் பார்க்கலாமா?" என்கிறார்கள். சீக்கிரம் தரிசனம் செய்துவைப்பதாகச் சொன்ன ஆளிடம் ஐநூறு கொடுத்து நானும் ஏமாந்தேன். வரிசையின் நடுவில் எங்களைச் செருகிவிட்டு மறைந்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள், நியாயம்தானே. அம்மா என் கையைப் பிடித்து, "அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கடைசிக்கு வாடா" என்றாள். போனோம். இரண்டரை மணி நேரம். எங்களுக்கு முன்னால் வேப்பஞ்சேலை உடுத்திய ஒரு சின்னப் பெண் ஈரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தாள். அவளைப் பார்த்த பிறகு கால் வலிக்கிறது என்று வாய் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

சன்னதிக்கு முன் கிடைத்தது சில நொடிகள். பார்வை மங்கியதிலிருந்து அம்மாவுக்குக் கற்பூர வெளிச்சம் மட்டும்தான் தெரியும். என்ன மாலை, என்ன பட்டு என்று நான் காதோரம் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தப் பழக்கத்தில் இப்போதும், "செவ்வரளி மாலை, எலுமிச்சை மாலை..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு. எனக்குத் தெரிகிறது."

அப்புறம் நான் அம்மனைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தேன். தீபம் உயர்ந்தது. சிரசாக எழுந்தருளியிருக்கும் தாயின் முகமும் இவள் முகமும் ஒரே வெளிச்சத்தில் இருந்தன. கும்பிடக்கூடத் தோன்றாமல், கண் கொட்டாமல் நின்றாள். நகருங்கள், நகருங்கள் என்று எங்களைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து கையை விரித்தால் கண்மலர் உள்ளங்கையிலேயே இருக்கிறது! எனக்குப் பகீரென்றது. அம்மா சிரித்தாள். "பார்த்தாயா, இன்னொரு தடவை பார்க்க வரச் சொல்கிறாள்." விஷயத்தைக் கேட்ட கோயில் ஊழியர் ஒருவர் ஒன்றும் பேசாமல் கயிற்றை அவிழ்த்து அம்மாவை மட்டும் உள்ளே விட்டார். அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

அந்தக் கண்ணைத் தொட்ட டாக்டரம்மாவின் கையும் உன் கைதான், தாயே. அடுத்த ஆடிக்கும் இவளை அழைத்துக்கொள். ரயிலிலேயே வருகிறோம்.