ஓர் அங்குலம் கீழே, ஓர் அங்குலம் மேலே

நான்கு நாள் நடந்தே சுற்றியதில் கால் இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன. ஐந்தாம் நாள் எங்கும் போவதில்லை என்று முடிவு செய்து, தங்கியிருந்த விடுதியின் ஸ்பாவில் மசாஜுக்குக் கேட்டேன். மாலை வரை இடமில்லை. “பத்து மணி பார் வகுப்பில் ஓர் இடம் இருக்கிறது, வருகிறீர்களா?” என்றார் வரவேற்பில் இருந்த பெண்.

பார் என்பது பாலே நடனக் கலைஞர்கள் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்வார்களே, சுவரோரம் இடுப்பு உயரத்தில் ஓடும் அந்தக் கம்பி. எனக்கு நடனம் தெரியாது என்றேன். தெரிய வேண்டியதில்லை என்று சொல்லி ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அதன் அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் புள்ளிகள். ஷூ கிடையாது, அந்த சாக்ஸோடுதான் வகுப்பு முழுவதும்.

ஸ்டுடியோவுக்குள் யூகலிப்டஸ் வாசனை. மங்கலான விளக்கு, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, பந்து போல் சுருட்டி வைத்த வெள்ளைத் துண்டுகள். இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது தரை. மிதித்தால் லேசாக அமிழ்ந்து எழும் மரத்தரை. நாள் கணக்காகக் கருங்கல் பாதையில் நடந்த பாதத்துக்கு அதுவே பாதி சிகிச்சை. வகுப்பில் மொத்தம் எட்டுப் பேர். ஆடம்பரமான இடம் என்று பணத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்டால், என் பதில் இந்த எட்டுதான். ஆசிரியையின் கண் எல்லார் மேலும் படுகிறது.

தொடங்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் வந்து, “எங்காவது வலி, பழைய காயம் உண்டா?” என்று கேட்டார். எனக்கு வலது முழங்கால். முன்பு ஒரு ஜிம்மில், வலிக்கிறது என்று சொல்லியும் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். வீங்கிப்போய் இரண்டு வாரம் நொண்டினேன். அதனால் அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

முதலில் உடம்பைச் சூடாக்கும் நடை, அப்புறம் ஒரு கிலோ டம்பெல் வைத்துக் கைகளுக்குக் கொஞ்சம். அது எல்லா வகுப்பிலும் இருப்பதுதான். கம்பிக்கு வந்ததும்தான் விஷயம் தொடங்கியது.

குதிகால்கள் ஒட்டி, முன்பாதங்கள் விலகி நிற்க வேண்டும். நான் கண்ணாடியைப் பார்த்துப் பாதங்களை முடிந்தவரை விரித்தேன். ஆசிரியை அருகில் வந்து குனிந்து, என் பாதங்களை இரண்டு விரல் அளவுக்கு உள்ளே கொண்டுவந்தார். “திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாத அளவுக்குப் பாதத்தைத் திருப்பினால் நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால்.” அவ்வளவுதான், வலது முழங்காலில் இருந்த இறுக்கம் விட்டது. என் முழங்காலைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு பிளியே, அதாவது முழங்காலை மடக்கி நேராக இறங்குவது. அதற்குப் பிறகு ரெலவே, குதிகால் தூக்கி முன்பாதத்தில் நிற்பது. 1661-இல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் நடனத்துக்கென்று அகாதெமி தொடங்கிய நாட்டிலிருந்து வந்த சொற்கள், இன்றும் எல்லா ஊர் பாலே வகுப்பிலும் அப்படியே புழங்குகின்றன. இரண்டையும் சேர்த்து, குதிகால் தூக்கியபடியே பாதி இறங்கி நிற்கச் சொன்னார். அப்படியே நின்றுகொண்டு ஓர் அங்குலம் கீழே, ஓர் அங்குலம் மேலே. பல்ஸ் என்கிறார்கள்.

ஓர் அங்குலத்தில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். இருபதாவது எண்ணிக்கையில் தொடை சூடேறியது. முப்பதில் நடுக்கம். முழங்காலுக்கு மேலே, தொடையின் உள்பக்கத் தசை தனியாகத் துடிப்பதைக் கண்ணாடியில் என் கண்ணாலேயே பார்த்தேன். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. “கம்பியில் தொங்காதீர்கள், விரல் நுனியால் தொட்டாலே போதும்” என்றவர், நடுக்கத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். “வந்துவிட்டதா? அங்கேயே இருங்கள்.”

தசை முழுதாக நீளவோ சுருங்கவோ விடாமல் ஒரே நிலையில் வேலை வாங்கும்போது, களைத்த இழைகள் தளர்கின்றன. அவற்றின் இடத்துக்கு நரம்பு மண்டலம் வேறு இழைகளை அழைக்கிறது. அந்தக் கைமாற்றம் சீராக நடக்காததால்தான் கால் ஆடுகிறது. குதிப்பதோ ஓடுவதோ இல்லாததால் மூட்டில் இடி விழுவதில்லை. ஆனால் தசைக்கு ஓய்வும் இல்லை. வேறெங்கும் கால் நடுங்கினால் நிறுத்து என்பார்கள். இங்கே நடுக்கம்தான் வந்து சேர வேண்டிய இடம். கூர்மையான வலி வந்தால் மட்டும் உடனே நிமிர்ந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை எச்சரித்தார். நடுக்கம் வேறு, வலி வேறு. புதிதாகப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

தொடைகளுக்கு நடுவே சிறிய பந்தை வைத்து அழுத்துவது, பாயில் படுத்து வயிற்றுக்கான பயிற்சி எல்லாம் முடிந்து, காலைக் கம்பிமேல் தூக்கி வைத்து நீட்டிக்கொண்டிருந்தபோது ஆசிரியை இந்த முறையின் கதையைச் சொன்னார். லாட்டி பெர்க் என்ற யூத நடனக் கலைஞர், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்தவர். முதுகில் அடிபட்ட பிறகு, மறுவாழ்வுப் பயிற்சிகளையும் பாலே கம்பிப் பயிற்சிகளையும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார். 1959-இல் லண்டன் மான்செஸ்டர் தெருவில், தரைக்குக் கீழே ஒரு ஸ்டுடியோவில் கற்றுத்தரத் தொடங்கினார். அவரிடம் கற்ற லிடியா பாக் 1971-இல் அதை நியூயார்க்கிற்குக் கொண்டுபோனார். அடிபட்ட ஒரு முதுகைத் தேற்றத் தொடங்கியது, அறுபது ஆண்டுகள் கழித்து என் முழங்காலைத் தொட்டிருக்கிறது. அதைக் கேட்டபோது மனசு நெகிழ்ந்துவிட்டது.

வெளியே வந்து குளிர்ந்த துண்டால் முகம் துடைத்தபோது, வகுப்பில் என் பக்கத்தில் நின்ற பெண்மணி பேச்சுக் கொடுத்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒன்பது வருடமாகப் பயிற்சி செய்கிறாராம். அப்படியானால் உங்களுக்கு நடுக்கம் நின்றிருக்குமே என்றேன். “நின்றுவிட்டால் இன்னும் அரை அங்குலம் இறங்குவேன், திரும்ப வந்துவிடும்” என்றார்.

மறுநாள் பத்து மணிக்கும் பெயர் கொடுத்தேன். கம்பியில் அவர் பக்கத்து இடத்தையே பிடித்துக்கொண்டேன். பாதங்களை இரண்டு விரல் உள்ளே வைத்து, குதிகால் தூக்கி, மெல்ல இறங்கினேன். இந்த முறை கண்ணாடியில் அவர் தொடையைப் பார்த்தேன். எண்ணிக்கை நாற்பதைத் தொட்டபோது அதுவும் ஆட ஆரம்பித்தது.