இரண்டு விலைப்பட்டியல்கள்

2017-இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருள் பிரிவில் வேலை பார்த்தேன். அடுத்த ஆண்டின் பிரீமியத் தொகைகளைக் கணினியில் ஏற்றிச் சரிபார்த்து, மாநில அரசிடம் தாக்கல் செய்யும் கோப்பைத் தயாரிப்பது எங்கள் குழுவின் பொறுப்பு. கோடைக்குள் முடிந்துவிடும் வேலை. அந்த வருடம் அக்டோபர் வரை இழுத்தது. ஒபாமா காலத்தில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேர், ஜனவரியில் எந்த வடிவில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

2010-இல் அந்தச் சட்டத்துக்கான இறுதி வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. அன்றிலிருந்து அதை ரத்து செய்வதுதான் அவர்களின் தேர்தல் வாக்குறுதி. 2016 ஜனவரியில் ரத்து மசோதா ஒன்று இரு அவைகளையும் தாண்டி ஒபாமாவிடம் போனது. அவர் வீட்டோ செய்தார். வீட்டோ நிச்சயம் என்று தெரிந்தால் கை தூக்குவது சுலபம். 2017-இல் வெள்ளை மாளிகையும் கைக்கு வந்தபின், தம் மாநிலத்தில் யாருக்குக் காப்பீடு போகும் என்று அதே உறுப்பினர்கள் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

மேலவையான செனட்டில் எதிர்க்கட்சியின் தடையை மீற 60 வாக்குகள் வேண்டும், குடியரசுக் கட்சியிடம் இருந்தது 52. அதனால் சாதாரணப் பெரும்பான்மை போதுமான 'ரிகன்சிலியேஷன்' என்ற பட்ஜெட் நடைமுறையைப் பிடித்தார்கள். அதில் அரசின் வரவு செலவைத் தொடும் பிரிவுகளுக்குத்தான் இடம். காப்பீடு வாங்க அரசு தரும் மானியத்தைக் குறைக்கலாம், காப்பீடு எடுக்காதவர் கட்டும் அபராதத்தை நீக்கலாம். ஆனால் ஏற்கெனவே நோய் இருப்பவரை நிறுவனம் மறுக்கக் கூடாது என்ற விதியை அந்த வழியில் எடுப்பது கடினம். பிரீமியத்தைக் கணக்கிடும் எங்கள் நிபுணர்களான ஆக்சுவரிகளுக்குப் பயம் இங்கேதான். அபராதம் போனால் ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், நோயாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள், பிரீமியம் ஏறிக்கொண்டே போகும். அவையில் நிறைவேறுவதற்கென்று எழுதப்பட்ட மசோதா அது. மருத்துவமனை வாசலில் எப்படி நடக்கும் என்று யோசித்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. ஏழு வருடம் கையில் இருந்தும் மாற்றுத் திட்டம் தயாராக இல்லாததை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூலை 28 அதிகாலை செனட்டில் ரத்து முயற்சி 49-51 என்று தோற்றது. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது, எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்னை. ஆனால் அதே கட்சியின் சூசன் காலின்ஸும் லிசா முர்கோவ்ஸ்கியும் மூன்று நாள் முன்பு விவாதத்தைத் தொடங்கவே மறுத்து வாக்களித்தவர்கள். கட்சியின் முழு நெருக்கடியையும் தாங்கி நின்ற அந்த இருவருக்கும் உரிய பெயர் கிடைக்கவில்லை.

சரி, முடிந்தது என்று நாங்கள் மூச்சுவிட முடியவில்லை. குறைந்த வருமானக்காரர்கள் சிகிச்சையின்போது தம் கையிலிருந்து கட்டும் பங்கைச் சட்டப்படி நாங்கள் குறைத்துக்கொடுப்போம், அந்தப் பணத்தை மத்திய அரசு ஈடுகட்டும். அது நிற்குமா, தொடருமா? சில மாநிலங்கள் இரண்டுக்கும் தனித்தனியாக விலை கேட்டன. இரண்டு பட்டியல்களையும் ஏற்றி, இரண்டையும் சோதித்துக்கொண்டிருந்தோம். அக்டோபர் 12 இரவு டிரம்ப் நிர்வாகம் பணத்தை நிறுத்துவதாக அறிவித்தது. நவம்பர் 1-இல் விற்பனை தொடங்க வேண்டும்.

நஷ்டத்தை ஈடுகட்ட, 'சில்வர்' என்ற நடுத்தர நிலைத் திட்டங்களின் விலையை மட்டும் உயர்த்தினோம். அப்புறம் ஒரு நாள், சோதனை செய்துகொண்டிருந்த பெண் என்னைக் கூப்பிட்டு, ஒரு வரியில் பிழை இருக்கிறது என்றாள். அறுபது வயது, குறைந்த வருமானம், சில்வருக்குக் கீழ்நிலையான 'வெண்கலத்' (bronze) திட்டம். மாதக் கட்டணம் பூஜ்ஜியம். சூத்திரத்தை வரி வரியாகப் பார்த்தோம். பிழையே இல்லை. மானியம் சில்வர் விலையை வைத்துக் கணக்கிடப்படுவதால், சில்வர் ஏற ஏற மானியமும் ஏறி, வெண்கலத் திட்டத்தின் முழு விலையையும் விழுங்கிவிட்டது. மானியம் கிடைக்காத நடுத்தர வருமானக்காரருக்கு மட்டும் முழு உயர்வும் தலையில் விழுந்தது. அவர்களில் பலர் சொந்தமாகச் சிறு தொழில் செய்பவர்கள்.

வாடிக்கையாளர் சேவைக்கு வந்த அழைப்புகளில், "சட்டம்தான் போய்விட்டதே, என் கார்டு செல்லுமா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு பெரும்பாலான மாநிலங்களில் பதிவுக்காலத்தையும் டிசம்பர் 15-உடன் முடித்துவிட்டார்கள். அதற்கு ஒரு வாரம் கழித்துக் கையெழுத்தான வரிச் சட்டத்தில், அபராதம் 2019 முதல் பூஜ்ஜியம் என்று ஒரு பிரிவு இருந்தது. ஆக்சுவரிகள் விடுமுறைக்குப் போகாமல் 2019-க்கான கணக்கைத் தொடங்கினார்கள்.