ஒரே காம்பராவில் இரண்டு சட்டநிலை

2004ஆம் ஆண்டு வரை தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயக் காம்பராவில் பிரஜைகளும் பிரஜைகள் அல்லாதோரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான, நாடற்றிருந்த இந்திய வம்சாவளி மக்களை இலங்கையும் இந்தியாவும் பிரித்து ஏற்பதற்கான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அப்பா இலங்கைக்கு விண்ணப்பித்துப் பதிவுப் பிரஜையானார். அவர் பிள்ளைகள் என்ற வகையில் எங்களுக்கு அந்த உரிமை பிறப்போடு வந்தது. அம்மாவைப் பெற்ற அம்மாயியின் குடும்பமோ இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தது. கடவுச்சீட்டும் கிடைத்தது, அதில் சிறுமியாக இருந்த அம்மாவின் பெயரும் ஏறியது. தாத்தாவின் நோய், பின்னர் அம்மாவின் திருமணம் என்று பயணம் தள்ளிப்போய்க்கொண்டிருக்கையில், 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலே நின்றுவிட்டது. அதன் பின்னர் அந்தக் கடவுச்சீட்டு அவர்கள் போகாத நாட்டின் பிரஜைகள் என்பதற்குச் சான்றாக மட்டும் தகரப்பெட்டியில் கிடந்தது.

உயர்தரத்தில் அரசறிவியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு, 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பற்றிய மூன்றாம் அத்தியாயத்தை வீட்டுக்குள் வைத்துப் படிக்கும் வாய்ப்பு இப்படி அமைந்தது. சித்திரவதைக்கு எதிரான 11ஆம் உறுப்புரையும், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 12(1)ஆம் உறுப்புரையும் ஆள் எவருக்கும் உரியவை, அம்மாயிக்கும் உரியவை. ஆனால் இனம், மொழி, சாதி முதலியவற்றின் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்னும் 12(2) பிரஜைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பேச்சு, ஒன்றுகூடல், விரும்பிய தொழில், நாட்டுக்குள் நடமாடி விரும்பிய இடத்தில் வசித்தல் ஆகிய 14(1)ஆம் உறுப்புரையின் சுதந்திரங்களும் அவ்வாறே. வேறெந்த நாட்டின் பிரஜையாகவும் இல்லாமல் இங்கே நிரந்தரமாகவும் சட்டப்படியும் வசித்துவந்தோருக்கு, 14(2) அச்சுதந்திரங்களைப் பத்து ஆண்டுகளுக்கு, அதாவது 1988 வரை, வழங்கியது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கு அதிலும் இடமில்லை. என்னை அதிகம் உறுத்தியது 13(7). குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின் கீழோ, 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டத்தின் கீழோ பிறப்பிக்கப்படும் அகற்றற் கட்டளையின் பேரில் ஒருவரைத் தடுத்துவைப்பது உரிமை மீறல் ஆகாது என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. எங்கள் மக்களைக் கருதி இயற்றப்பட்ட சட்டமொன்றின் பெயர் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலேயே, அதுவும் விதிவிலக்காக, இடம்பெற்றிருப்பதைப் பாடப்புத்தகத்தில் யாரும் எங்களுக்குக் காட்டியதில்லை.

தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள சுதந்திரமும் 14(1)இன் கீழ் பிரஜைகளுக்கே உரியது என்று ஒருநாள் அம்மாயியிடம் சொன்னேன். தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோலை நினைத்து, "செக்ரோல்ல சந்தா பிடிக்கையில எந்த நாட்டுக்காரின்னு ஒரு கிளாக்கரும் கேக்கலையே" என்றார். சேமலாப நிதிக்கும் அப்படித்தான் பிடித்தார்கள். அடையாள அட்டை கேட்டது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வேளையில்தான்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க, இந்திய வம்சாவளி ஆட்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்த பிறகே வழி திறந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிப்பவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் அதன் கீழ் வந்தனர். எந்த நாட்டுப் பத்திரமும் இல்லாதவர்களுக்குச் சமாதான நீதவான் ஒப்பமிட்ட பொதுப் பிரகடனம் போதுமாக இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றவர்கள், இலங்கைப் பிரஜையாக விரும்புவதாகத் தனியான விசேட பிரகடனம் செய்ய வேண்டியிருந்தது. படிவம் நிரப்புவது சுலபம், பெயர்தான் இழுத்தடித்தது. கடவுச்சீட்டில் ஒரு பெயர், செக்ரோலில் வேறொரு பெயர், அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் சிங்கள உச்சரிப்பில் எழுதப்பட்ட மூன்றாவது பெயர். மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியக் கடதாசி முடித்தோம். சமாதான நீதவானாக இருந்த ஓய்வுபெற்ற அதிபர் அதை வரி வரியாக வாசித்துக் காட்டிய பிறகே அம்மாயியின் பெருவிரலை மைப்பெட்டியில் வைக்கச் சொன்னார். தொடர்ந்து வசித்ததை நிரூபிக்கத் தோட்ட அலுவலகத்தின் பழைய பதிவேட்டிலிருந்து ஒரு கடிதம் தேவைப்பட்டது. அது தரப்படுவதற்குள் அம்மா பல நாள் பேரை, அதாவது நாட்கூலியை, விட்டுவிட்டு அலுவலக வாசலில் நின்றார்.

சான்றிதழ் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டத்தின்படி அன்றே பிரஜைதான். ஆனால் வங்கிக்கும் சேமலாப நிதிக்கும் வாக்குச்சாவடிக்கும் அடையாள அட்டைதான் பேசும். அதற்குத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் சான்று, பிரதேச செயலகம், ஆட்பதிவுத் திணைக்களம் என்று இன்னொரு சுற்று. வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்ப்பது அதற்கும் அப்பால் தனி வேலை. அம்மாயியின் தகப்பனார் 1947 தேர்தலில் வாக்களித்தவர். அத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டபோது அவர் பெயர் இடாப்பிலிருந்து போயிற்று. மகளின் பெயர் ஏறுவதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது.

பிற்காலத்தில் என் சித்தி மகன் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது, ஓர் அலுவலகத்தில் பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கேட்டு விண்ணப்பக் கோவையைத் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்துக் கிராமத்துப் பையன்கள் எவரிடமும் அப்படிக் கேட்கவில்லை. வம்சாவளியாலோ பதிவாலோ வந்தது என்று பிரஜைகளிடையே வேறுபாடு செய்யலாகாது என்பது 26ஆம் உறுப்புரை. இப்போது 12(2)உம் எங்கள் பக்கம் இருந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போவதாயின், மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் 126ஆம் உறுப்புரையின் கீழ் மனுச் செய்ய வேண்டும். கூலி நாளைவிட்டுக் கொழும்புக்கு அலையக்கூடியவர்களுக்கே அது கைகூடும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் கணக்கிடப்படாது. இதை மேற்கோள் காட்டி, திருப்பி அனுப்பியதற்கான காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டுக் கடிதமொன்றைப் பதிவுத்தபாலில் அனுப்பினோம். காரணம் எழுத்தில் வரவில்லை, கோவை ஏற்றுக்கொள்ளப்பட்டது.