வாசனையும் ஓசோனும்

பெட்ரோல் பங்கில் எழும் வாசனை சிறுவயதில் எனக்கு மிகவும் பிடித்தமானது. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலில் ஒரு பங்கு டாங்கிக்குள் இறங்காமல் காற்றோடு போவதைத்தான் அந்த வாசனை தெரிவிக்கிறது என்பது வேதியியல் படித்த பிறகும் நெடுநாள் எனக்கு உறைக்கவில்லை. பெட்ரோல் ஆவி, பெயிண்ட்டில் கலக்கும் தின்னர், வாசனைத் திரவியம் போன்றவற்றிலிருந்து காற்றில் கலப்பவற்றையே ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்கிறோம். இவற்றுக்கும், நாம் சுவாசிக்கும் காற்றில் மாசாகச் சேரும் தரைமட்ட ஓசோனுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தவர், பொருத்தமாகவே, வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவர்.

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண் எரிய வைக்கும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, போர்க்காலம் ஆதலால், ஜப்பானியர் நச்சுவாயுவை ஏவிவிட்டனரோ என்றுகூட மக்கள் அஞ்சினர். பிறகு, செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் தயாரித்த ஓர் ஆலையின் மீது பழி விழுந்தது. ஆலையைச் சில காலம் மூடியும் புகைமூட்டம் விலகவில்லை. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான சேர்மங்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட், அதே முறையில் நகரக் காற்றையும் குளிர்வித்துத் திரவமாக்கிப் பார்த்தார். வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்கள் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட கரிமச் சேர்மங்கள்), நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். அந்நகரில் ரப்பர் வழக்கத்தைவிட விரைவாக வெடிப்பு விட்டதும் ஓசோனின் வேலைதான்.

வினையின் நுட்பம் இதுதான். நைட்ரஜன் டையாக்சைடை ஒளி பிளக்கும்போது விடுபடும் ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுடன் சேர்ந்து ஓசோனாகிறது. உடன் பிறந்த நைட்ரிக் ஆக்சைடோ அந்த ஓசோனைத் தின்று மறுபடியும் டையாக்சைடாக மாறிவிடுகிறது. இதோடு நின்றால் வரவும் செலவும் நேராகி, ஓசோன் பெரிதாகச் சேராது. கரிமச் சேர்மங்கள், காற்றிலுள்ள ஹைட்ராக்சில் என்னும் வினைவேகம் மிக்க துகளுடன் வினைபுரிவதால் உண்டாகும் பெராக்சி எனப்படும் அதேபோன்ற துகள்கள்தாம் இந்தக் கணக்கைக் குலைக்கின்றன: ஓசோனைச் செலவழிக்காமலேயே அவை நைட்ரிக் ஆக்சைடை டையாக்சைடாக மாற்றிவிடுவதால், ஓசோன் கரைய வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகிறது.

இதனால் ஒரு விசித்திரமும் விளைகிறது. லாரிகள் குறைவாக ஓடும் வார இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸின் காற்றில் நைட்ரஜன் ஆக்சைடு குறைந்தது. ஓசோனோ பல ஆண்டுகள் வேலைநாள்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஓசோனைத் தின்ன வேண்டிய நைட்ரிக் ஆக்சைடும் குறைந்துபோனதே முக்கியக் காரணம். அப்படியானால் ஹைட்ரோகார்பன்களை மட்டும் கட்டுப்படுத்தினால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அமெரிக்கா நெடுங்காலம் பெரும்பாலும் அந்த வழியையே நம்பியிருந்தது.

அந்த நம்பிக்கையை அசைத்தவை அமெரிக்க நகரமான அட்லாண்டாவின் மரங்கள். ஓக் போன்ற மரங்கள் வெயிலும் வெப்பமும் ஏற ஏற ஐசோப்ரீன் என்ற ஹைட்ரோகார்பனை அதிகமாக வெளிவிடுகின்றன; உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மரங்கள் அடர்ந்த அந்நகரில் இந்த இயற்கைப் பங்கைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கட்டுப்பாட்டுத் திட்டமே வழிதவறும் என்று 1988இல் வில்லியம் சமெய்டிஸும் சக ஆய்வாளர்களும் காட்டினர். இதைச் சாக்காக வைத்து மரங்களைக் குற்றவாளி ஆக்குவது எனக்கு ஏற்புடையதன்று; நைட்ரஜன் ஆக்சைடு மிக அருகிய இடத்தில் ஐசோப்ரீன் ஓசோனைப் பெருக்குவதில்லை, சில வேளைகளில் குறைக்கவும் செய்கிறது. அந்த ஆக்சைடு எஞ்சின்களிலிருந்தும் அனல்மின் நிலையங்களிலிருந்தும் வருவது. ஓக் மரத்துக்குப் புகைக்குழாய் பொருத்த முடியாது என்பதால், அட்லாண்டா போன்ற நகரங்களில் குறைக்க வேண்டியது நைட்ரஜன் ஆக்சைடே என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்து சேர்ந்தனர்.