ஒரே ஒயின், ஆறு அறுவடைகள்

ஒரே தயாரிப்பாளரின் ஒரே சிவப்பு ஒயினை, வெவ்வேறு அறுவடை ஆண்டுகளில் எடுத்து வரிசையாகச் சுவைப்பதற்கு வெர்டிகல் டேஸ்டிங் என்று பெயர். தோட்டம் மாறுவதில்லை. அந்தந்த ஆண்டின் வெயிலும் மழையும், பாட்டிலுக்குள் கழிந்த காலமும்தான் மாறுகின்றன. இது நாக்கில் தெரிய வேண்டுமானால் கிளாஸின் வடிவம், ஊற்றும் அளவு, வெப்பநிலை மூன்றும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெயர்பெற்ற ஆண்டுகளையே பொறுக்கி வைத்தால் சுவாரசியம் பாதி போய்விடும். பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயின் என்றால் கடும் வெப்ப அலை அடித்த 2003, சமநிலைக்குப் பேர்போன 2005, குளிரிலும் மழையிலும் திணறிய 2013 ஆகியவற்றை அருகருகே வையுங்கள். மோசமான ஆண்டில் தயாரிப்பாளர் எப்படிச் சமாளித்தார் என்பதில்தான் அவருடைய கைத்திறன் தெரியும்.

ஆறு ஆண்டுகள் போதும். 750 மில்லி பாட்டிலில் மண்டி போக ஏறக்குறைய 700 மில்லி தேறும். ஆளுக்கு 60 மில்லி ஊற்றினால் பத்துப் பேருக்குப் போக, இரண்டாவது முறை கேட்பவருக்கும் கொஞ்சம் இருக்கும். ஆனால் ஆறையும் விழுங்கினால் ஆளுக்கு 360 மில்லி, அதாவது கிட்டத்தட்ட அரை பாட்டில். நான்காவது கிளாஸுக்குப் பிறகு யாருடைய குறிப்பையும் நம்ப முடியாது. துப்புவதற்குப் பாத்திரம் வைக்கக் கூச்சப்பட வேண்டாம்.

நண்பர்கள் கூடும்போது அடிக்கடி கெடுவது ஒன்று உண்டு: பாட்டிலை அன்று மாலை கையில் எடுத்து வருவது. வயதாக ஆக, ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து மண்டியாகப் படிகின்றன. வண்டிக் குலுக்கலில் அது கலங்கிவிட்டால் ஒயின் மங்கலாகும், கசக்கும், வாசனையும் அடங்கிப்போகும். ஆகவே பாட்டில்கள் விருந்து நடக்கும் வீட்டுக்கு முன்பே வந்துவிட வேண்டும். குறைந்தது இரண்டு நாள் நிமிர்த்தி வையுங்கள். மிகப் பழையதென்றால் ஒரு வாரம்.

இருபது ஆண்டுகளைத் தாண்டிய கார்க் பஞ்சுபோல இருக்கும். சாதாரணத் திருகு நடுவில் துளை போட்டுக்கொண்டு தனியே வந்துவிடும். இரண்டு தகடுகள் கொண்ட திறப்பான் நல்லது: தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே மாறி மாறி அசைத்து இறக்கி, சுழற்றியபடியே மேலே இழுக்க வேண்டும். கார்க் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் இதே கருவி அதை உள்ளே தள்ளிவிடும்; அங்கே நீளமான திருகைச் சற்றுச் சாய்வாக இறக்கி மெதுவாக இழுப்பதுதான் வழி. உதிர்ந்து விழுந்தால் நுண்ணிய எஃகு வடிகட்டி போதும். காபி வடிகட்டும் காகிதம் வேண்டாம், காகித வாசனை ஒட்டிக்கொள்ளும்.

மண்டியை விட்டுத் தெளிந்த ஒயினை மட்டும் டிகேண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் இறுப்பதற்கு முன், பாட்டிலின் கழுத்தைச் சுற்றியுள்ள மெல்லிய உறையை முழுவதும் உரித்துவிடுங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கு இருக்கட்டும். ஒரே மூச்சில், நிறுத்தாமல், மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். பாதியில் நிமிர்த்தினால் மண்டி திரும்பக் கலங்கும். கருங்கோடு ஒன்று தோள்பகுதியிலிருந்து கழுத்துக்கு நகர்வது தெரிந்ததும் நிறுத்துங்கள். கடைசி 50 மில்லிக்கு ஆசைப்பட்டுத்தான் பலர் மொத்தத்தையும் கெடுக்கிறார்கள்.

முப்பது வயதைத் தாண்டியதைக் குடிப்பதற்குச் சற்று முன் இறுத்தால் போதும், நீண்ட நேரம் காற்றுப் பட்டால் வாசனை பறந்துவிடும். துவர்ப்பு இன்னும் முறுக்காக இருக்கும் பத்து, பதினைந்து வயது ஒயினுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கொடுக்கலாம். 15 டிகிரி செல்சியஸில் ஊற்றுங்கள், கிளாஸில் அதுவே 17-க்கு ஏறிவிடும். வெதுவெதுப்பாக ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முந்திக்கொண்டு வரும்.

எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்பதில் ஒயின் பிரியர்களுக்குள் தீராத சண்டை. பழையதிலிருந்து இளையதற்குப் போவதே சரி என்பது என் கட்சி. இளம் டானின் நாக்கை ஒருமுறை இறுக்கிவிட்டால், அடுத்து வரும் முதிர்ந்த ஒயின் தண்ணீராகத் தெரியும்.

ஓரத்தில் செங்கல் நிறம் இருப்பது வயதின் அடையாளம், குறையல்ல. முழுவதும் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள்போல மணத்தால் அது முடிந்துபோன ஒயின். திறந்ததும் வரும் மூடிய நாற்றம் பெரும்பாலும் கால் மணி நேரத்தில் விலகும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை விலகாது, கூடிக்கொண்டே போகும். அது கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மம், அதைச் சரிசெய்ய வழி கிடையாது. அதனால் ஏதாவது ஓர் ஆண்டில் உபரியாக ஒரு பாட்டில் இருப்பது நல்லது. லெபனானின் சாட்டோ முசார் போன்றவற்றில் லேசான நகப்பூச்சு நெடியும் பதனிட்ட தோலின் வாசனையும் அந்த ஒயினின் குணமாகவே கருதப்படுகின்றன. ஆறிலும் அது இருந்தால் பாட்டிலைக் குறை சொல்லாதீர்கள்.

பேசுவதற்கு முன் எல்லோரும் எழுதிவிட வேண்டும். முதலில் ஒருவர் 'செர்ரி' என்று சொல்லிவிட்டால் மேசை முழுவதும் செர்ரிதான் மணக்கும். ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு மடக்கு மிச்சம் வைத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி வரிசையாகப் பாருங்கள். பத்துப் பேருக்கு அறுபது கிளாஸ் கிடைக்காவிட்டால் ஆளுக்கு இரண்டை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். அப்போது இந்த மறுபார்வைக்கு டிகேண்டரில் கொஞ்சம் விட்டுவைத்து, இடையில் கிளாஸைத் தண்ணீரால் கழுவாமல், அடுத்த ஒயினில் ஒரு சொட்டு விட்டு அலசிக் கொட்டுங்கள்.