ஆடி மாதத்துச் சமையலறைக் கணக்கு

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. கொடுமுடிப் பக்கம் எங்களுக்கு இன்றைக்குத் தேங்காய் சுடுகிற பண்டிகை. மத்தியானமே அத்தை தேங்காயை வாசல் கல்லில் தேய்த்து, நார் ஒன்றுகூட ஒட்டாமல் வழவழவென்று ஆக்கிவிட்டார். ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்தாயிற்று. பொட்டுக்கடலை, வறுத்த பச்சைப்பயறு, எள், அவல், பொடித்த வெல்லம் எல்லாவற்றையும் அந்தச் சின்ன ஓட்டை வழியாக விரலால் தள்ளித் தள்ளி நிரப்ப வேண்டும். வடித்த தண்ணீரிலேயே கொஞ்சம் திரும்ப ஊற்றி, மஞ்சள் பூசிய அழிஞ்சில் குச்சியைக் கண்ணில் இறுக்கிச் செருகினால் தயார். தீயில் திருப்பித் திருப்பிக் காட்டும்போது ஓடு கறுத்து, ஓரத்தில் வெல்லம் கசிந்து கருகும். அந்த வாசனை தெரு முழுக்க நின்றது.

இந்த வருஷம் நிரப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்த்தேன். காரணம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்று போன மாதம் மருத்துவர் சொன்னார். அன்றிலிருந்து பரோட்டா இல்லை, பிரியாணி இல்லை, ராத்திரியில் சோறு இல்லை. முள் அசையவில்லை. "சோறே திங்கிறதில்ல, அப்புறமும் ஏன் எறங்க மாட்டீங்குது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அவர் விட்டதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். விடாமல் சாப்பிடுகிறவை என்னென்ன என்று இந்த மாதம் எழுதிப் பார்க்கப் போகிறேன்.

சுட்ட தேங்காயில் பருப்பு மட்டும் 300 கிராமுக்கு மேல். 100 கிராம் தேங்காய் என்றால் 350-லிருந்து 400 கலோரி. உள்ளே போன சாமான் 100 கிராம் என்று வைத்தால் அது ஒரு 370. ஆக, ஒரு தேங்காய் கிட்டத்தட்ட 1,500 கலோரி. உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்கத் தேவை 1,660 என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நாங்கள் நாலு பேர் பங்கு போட்டுத் தின்றோம். வருஷத்தில் ஒரு நாள் பண்டிகை, அதைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் வருவதுதான் என் கவலை.

ஜூலை 19, சனி

தினமும் வருவது சட்னி.

இட்லி லேசான பலகாரம் என்பது சரிதான். ஆவியில் வேகிறது, எண்ணெய் கிடையாது, வீட்டு இட்லி ஒன்று 50, 60 கலோரிதான். மூன்று வைத்துக்கொண்டால் 180. காலையில் அவர் தட்டில் ஊற்றிய கெட்டிச் சட்னிக்கு எவ்வளவு தேங்காய் போயிருக்கும் என்று அரைப்பதற்கு முன்பே நிறுத்து வைத்திருந்தேன். அவர் பங்குக்கு 50 கிராம் தேங்காய், ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை, தாளிப்பில் ஒரு டீஸ்பூன் கடலெண்ணெய். எல்லாம் சேர்த்து 280 பக்கம் வருகிறது. இட்லியைவிடச் சட்னி நூறு கலோரி கூட.

மருத்துவர் "இட்லி சாப்பிடுங்க" என்று மட்டும்தான் சொல்வார். எதைத் தொட்டு என்று யாரும் சொல்வதில்லை. பொள்ளாச்சியிலிருந்து இங்கே வரைக்கும் தேங்காய் இல்லாமல் நமக்குக் குழம்பு கூட்டத் தெரியாது. அதனால் தேங்காயை விடு என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். நாளைக்குத் தக்காளி, சின்ன வெங்காயம் வதக்கி ஒரு சட்னி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொள்ளு ரசமோ சாம்பாரோ. தேங்காய்ச் சட்னி அரைக்கிற அன்றைக்கு அது தண்ணியாக இருக்கட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

சாயங்காலம் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டுக் கடலை மிட்டாய்க்கு மாறியிருக்கிறார். நல்ல மாற்றம்தான். நிலக்கடலையில் புரதம் உண்டு, எண்ணெயும் நல்ல வகை. ஆனால் 100 கிராம் கடலை 550 கலோரிக்கு மேல். காரணம் வேறெங்கும் தேட வேண்டாம், நம்ம ஊர்ச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுப்பதே அதிலிருந்துதானே. கடலையின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கலோரி கொடுத்தால், ஒரு கிராம் கொழுப்பு 9 கொடுக்கிறது. வெல்லப் பாகில் பிடித்த மிட்டாயும் 100 கிராமுக்கு 500 பக்கம் வரும். ஒரு வில்லை போதும். டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாடு உள்ளே போய்விடும்.

பச்சைக் கடலையை ஓட்டோடு உப்புப் போட்டு வேகவைத்தால் அதே 100 கிராம் பருப்பு 320 பக்கம்தான். தண்ணீர் ஏறிவிடுவதால் வயிறும் சீக்கிரம் நிறையும். உரித்து உரித்துத் தின்ன வேண்டியிருப்பது இன்னொரு லாபம்.

அப்புறம் நாட்டுச் சர்க்கரை. கவுந்தப்பாடிச் சந்தையில் ஏலம் போய், பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் போகிற சரக்கு. எங்கள் வீட்டில் வெள்ளைச் சர்க்கரை வாங்குவதே இல்லை. ருசிக்கு அதை அடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. எடைக் கணக்கில் மட்டும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்: வெள்ளை 100 கிராமுக்கு 400 என்றால் இது 380. ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. "நாட்டுச் சர்க்கரைதானே" என்று சொல்லிக்கொண்டு சத்துமாவுக் கஞ்சியில் மூன்று கரண்டி போடுகிற பழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது! எனக்கு இதில்தான் கோபமே வருகிறது. பாக்கெட்டில் "இயற்கை" என்று அச்சடித்துவிட்டால் அளவு என்ற ஒன்றையே மறக்கச் செய்துவிடுகிறார்கள்.

ஜூலை 26, சனி

ஈரோடு போனோம். ஜவுளி எடுத்து முடித்த பிறகு மகள் காளான் கேட்டாள். கோவை, திருப்பூர், ஈரோடு எங்கே பார்த்தாலும் சாயங்காலம் தள்ளுவண்டியில் கூட்டம் நிற்குமே, அந்தக் காளான். நின்று பார்த்தேன். முட்டைக்கோஸையும் கொஞ்சம் காளானையும் மாவில் பிசைந்து எண்ணெயில் பொரித்து மலைபோல் குவித்து வைத்திருக்கிறார். கேட்டதும் இரண்டு பிடி எடுத்துக் கல்லில் போட்டுக் கொத்தி, சோள மாவு கரைத்த மசாலாவை ஊற்றிக் கொதிக்க விடுகிறார். கடைசியில் வெங்காயம், மல்லித்தழை.

முட்டைக்கோஸ் 100 கிராமுக்கு 25 கலோரி. காளானும் அதே அளவுதான். இரண்டும் காய்கறிக் கடையில் இருக்கிற வரைக்கும் அதைவிட லேசான பொருள் கிடையாது. மாவில் முக்கி எண்ணெயில் விட்டதும் காயில் இருந்த தண்ணீர் ஆவியாகிப் போகிறது, போன இடத்தில் எண்ணெய் வந்து உட்காருகிறது. பொரிக்கிற எல்லாப் பண்டத்துக்கும் இதுதான் கதை. சின்னச் சின்னத் துண்டாகப் பொரித்தால் எண்ணெய் குடிக்கும் பரப்பும் கூடும். "காய்தானே, சாப்பிடட்டும்" என்று பக்கத்தில் ஓர் அம்மா சின்னக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரு தட்டு வாங்கி மூன்று பேர் சாப்பிட்டோம். ருசி பிரமாதம்.

ஜூலை 30, புதன்

மகள் கேட்டாள்: "இந்த நம்பரெல்லாம் யாரும்மா எண்ணுனது?"

நல்ல கேள்வி. உணவை எரித்தால் எவ்வளவு வெப்பம் வருகிறது என்று அளப்பதில் தொடங்கியது. 4, 9, 4 என்ற கணக்கை அமைத்துக் கொடுத்தவர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். நம் நாட்டுக் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1918-இல் குன்னூரில், மெக்காரிசன் என்ற மருத்துவர், வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ஒரே ஓர் அறையில் தொடங்கிய கூடம்தான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அது தொடங்கிய குன்னூர், மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் போய்விடக்கூடிய இடம். 2017-இல் அவர்கள் போட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்களுக்குச் சத்து அளவு இருக்கிறது. நம் கம்பு, ராகி, கொள்ளு, எள் எல்லாம் உண்டு. இணையத்தில் யாரோ சொன்ன எண்ணைவிட அதை நம்பலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. விடியும் முன்பே கொடுமுடியில் படித்துறை நிறைந்துவிட்டது. முளைப்பாரி விடுகிறவர்கள், தாலிக் கயிறு மாற்றுகிறவர்கள், மகுடேசுவரரைப் பார்க்க வரிசையில் நிற்கிறவர்கள். கட்டுச்சோறு கொண்டுபோயிருந்தோம்: புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு.

இன்றைக்குத் தராசு கிடையாது என்று அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன். இருந்தாலும் கிளறும்போது கண் பார்க்கத்தானே செய்கிறது. புளிச்சோறு கெடாமல் இருக்க நல்லெண்ணெய் தாராளமாக விட வேண்டும், அதன் மேல் வறுத்த கடலை, எள்ளுப்பொடி. மத்தியானம் சாப்பிட்டு ராத்திரி வரைக்கும் யாருக்கும் பசிக்கவில்லை. ஆற்றங்கரைக்கு நடந்து வந்தவர்கள் கட்டிக்கொண்டு போன சோறு அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சிவகிரிக்குப் போய் அமுச்சியை, அதாவது அம்மாவின் அம்மாவை, பார்த்துவிட்டு வந்தேன். காலையில் கம்மஞ்சோற்றை மோரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம்.

"ஏன் கண்ணு, கம்பு தின்னா ஒடம்பு எளைக்கும்னு சொல்றாங்களாமா?" என்றார். சிரித்துவிட்டேன். "நாங்க அதத் தின்னுபோட்டுத்தான் பொழுது முச்சூடும் களையெடுத்தோம். எளைக்கிறதுக்கா தின்னோம்?"

அமுச்சி சொல்வதுதான் சரி. கம்பு 100 கிராம் 350 கலோரி, அரிசியும் அதேதான், ராகி 320, கோதுமை மாவும் அந்தப் பக்கம்தான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூட, மெதுவாகச் செரிக்கும், அதனால் நல்லது. கலோரி ஒன்றும் குறைவு கிடையாது. அமுச்சியின் சொம்பில் இருப்பது முக்கால்வாசி மோரும் தண்ணீரும். அதே கம்பை நெய்யில் தோசையாக வார்த்து, கெட்டிச் சட்னியோடு தின்றால் கணக்கே வேறு. ராத்திரிச் சோற்றுக்குப் பதிலாக வீட்டுக்காரர் சாப்பிடும் மூன்று சப்பாத்தியும் இதே கதைதான். கல்லில் எண்ணெய் விட்டு வார்த்த சப்பாத்தி, ஒரு கிண்ணம் சோற்றைவிடக் குறைவானது என்று யார் சொன்னார்கள்?

மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்ததையும் ஆட்டாங்கல்லில் மாவு ஆட்டியதையும் அமுச்சி சொல்லிக்கொண்டே இருந்தார். கடினமாக உழைக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 3,470 கலோரி வேண்டும், உட்கார்ந்தே இருப்பவருக்கு 2,110 போதும் என்கிறது அதே நிறுவனம். நடுவில் இருக்கும் 1,360 என்பது கிட்டத்தட்ட ஒரு சுட்ட தேங்காய். அரிசியும் பருப்பும் கூட்டி ஆக்கிய சோற்றில் குழியாக்கி நெய் ஊற்றித் தின்றவர்களுக்கு அந்த இடம் உடம்பில் இருந்தது. ஈரோட்டு ஜவுளிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இந்த மாதத்தில் செய்ததிலேயே உருப்படியான காரியம் இன்றைக்குச் செய்தது என்று நினைக்கிறேன். மளிகை நோட்டை எடுத்து எண்ணெயை மட்டும் கூட்டினேன். கடலெண்ணெய் 4 லிட்டர், நல்லெண்ணெய் 1 லிட்டர். வீட்டில் நாலு பேர். ஆளுக்கு மாதம் 1¼ லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு 38 கிராம் பக்கம், 340 கலோரி. நெய் இதில் சேரவில்லை, வெளியில் சாப்பிட்டதும் சேரவில்லை. 2,000 கலோரித் தட்டுக்கு ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது 27 கிராம்.

பொரியலில், தாளிப்பில், தோசைக் கல்லில் எண்ணெய் தட்டில் தனியாகத் தெரிவதில்லை. செக்கு எண்ணெயாக இருந்தாலும், ரீஃபைண்டாக இருந்தாலும், ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 120 கலோரிதான். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அத்தையிடம் நோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தூக்குல இருந்து சாய்ச்சு ஊத்துனா அளவு தெரியாது கண்ணு, கரண்டி போட்டு வை" என்றார். எண்ணெய்த் தூக்குக்குள் ஒரு சின்னக் கரண்டி போட்டாயிற்று. அடுத்த மாதம் மூன்றரை லிட்டரில் நிறுத்தப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி

விட்டுப்போனது ஒன்று: டீ. நம்ம பக்கம் பேக்கரியில் நின்று பேசாமல் ஒரு காரியமும் நடக்காது. கடையில் இருப்பவர் கூப்பிட்டால் ஒன்று, சரக்கு கொண்டுவந்தவரோடு ஒன்று, ரயிலுக்கு முன்னால் ஒன்று. ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, பால் பாதிக்கு மேல். 80 கலோரி என்று வைத்தால், வீட்டுக்காரர் ஒரு நாளைக்குக் குடிக்கும் நாலு டீ 320. கூடவே ஒரு தேங்காய் பன்னோ, மைதாவும் வனஸ்பதியும் மடித்து மடித்துச் சுட்ட பப்ஸோ வந்தால் அது தனி. இதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, "டீ குடிச்சேன்" என்றுதான் சொல்வார்கள். இளநீர் என்றால் ஒரு காய்க்கே 50, 60-தான் வரும், வெயிலுக்கும் நல்லது.

ராத்திரி இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். தேங்காய், கடலை, எண்ணெய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டீக்கு மட்டும், "நாலை ரெண்டாக்கிக்கறேன், சர்க்கரை பாதி போடச் சொல்றேன். அதுக்கும் கீழ கேக்காத" என்றார். சரி என்றேன். மருத்துவரைப் பார்க்க அடுத்த மாதம் பத்தாம் தேதி.