தன்வினை, பிறவினை, அப்புறம் ‘ரன்’

‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் அந்த வாக்கியத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவதுதான் இப்போதைக்கு என் பொழுதுபோக்கு. ஒரு சீட்டுக்கு ஒரு வாக்கியம். செய்தி, கிரிக்கெட் வர்ணனை, சட்டைக் காலரில் தைத்திருக்கும் சலவைக் குறிப்பு, மென்பொருள் கையேடு என்று எதையும் விடுவதில்லை.

ஏன் ‘ரன்’? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு இருந்தது, 430 பொருள்கள். அகராதியைத் திருத்திக்கொண்டே வந்தபோது ‘ரன்’ அதைத் தாண்டிவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ஒன்பது மாதங்களுக்கு மேல் இந்த ஒரு வினைச்சொல்லோடு உட்கார்ந்து 645 பொருள்களாகப் பிரித்தார். மூன்றே எழுத்து உள்ள சொல்லுக்கு இவ்வளவா என்று தோன்றியது. சரி, நாமும் பிரித்துப் பார்ப்போமே என்று இறங்கிவிட்டேன்.

சீட்டு முறையும் அங்கிருந்து எடுத்ததுதான். 1879-இல் அந்த அகராதிக்கு ஆசிரியரான ஜேம்ஸ் முர்ரே, தன்னார்வ வாசகர்கள் எழுதி அனுப்பிய மேற்கோள் சீட்டுகளைச் சின்னச் சின்ன மாடங்களில் அடுக்கி வேலை செய்தார். 1915-இல் அவர் இறந்தபோது வேலை முடியவில்லை. முதல் பதிப்பு நிறைவடைந்தது 1928-இல். கணினியிலேயே அட்டவணை போடலாமே என்று கேட்பார்கள். போடலாம்தான். ஆனால் சீட்டை இந்தக் குவியலிலிருந்து அந்தக் குவியலுக்குக் கையால் மாற்றும்போது வரும் யோசனை அட்டவணையில் எனக்கு வருவதில்லை.

முதலில், எது ஓடுகிறது என்பதை வைத்துப் பிரித்தேன். கால் உள்ளவை ஒரு பக்கம், தண்ணீர் போன்றவை ஒரு பக்கம், இயந்திரங்கள் ஒரு பக்கம். தண்ணீர்க் குவியல் சுவையானது. ஆறு ஓடுவதற்கும் குழாயில் தண்ணீர் வருவதற்கும் மூக்கு ஒழுகுவதற்கும் துணி சாயம் போவதற்கும் அங்கே ஒரே ‘ரன்’. மனிதன் ஓடுவதைப் பார்த்துப் பிற்காலத்தில் தண்ணீருக்கு ஏற்றிச் சொன்னதாக்கும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தின் ‘ரின்னன்’ என்ற வினையிலேயே ஓட்டமும் ஒழுக்கும் சேர்ந்தே இருந்தன. அதன் உறவான ஜெர்மன் ‘ரின்னன்’ இன்றும் ஒழுகுவதைத்தான் குறிக்கிறது. நாமும் ஆறு ஓடுகிறது என்று இயல்பாகச் சொல்கிறோம், அதில் உவமை எதையும் உணர்வதில்லை.

இயந்திரக் குவியல் வேகமாக வளர்ந்தது. ரயில், கடிகாரம், மோட்டார், கணினி நிரல் என்று புதிதாக எது வந்தாலும் ஆங்கிலம் அதை ‘ரன்’னில் ஏற்றிவிடுகிறது. சிக்கல் வந்தது அடுத்த கட்டத்தில். ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு ‘ரன்’ ஆகிறது, சாலை ஆற்றங்கரையோடு ‘ரன்’ ஆகிறது, ஒரு குணம் குடும்பத்தில் ‘ரன்’ ஆகிறது. சாலை நகரவே இல்லையே! இதர வகை என்று வைத்த குவியல் மற்றவற்றைவிடப் பெரிதாகிவிட்டது. இதர வகை அப்படி வீங்கினால் பிரித்த முறையே உதவவில்லை என்று பொருள்.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினையை வைத்துப் பார்த்தேன். தமிழில் ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை. ஆங்கிலத்திலும் பழைய காலத்தில் இரண்டு வினைகள் இருந்தன: தானாக ஓடுவதற்கு ஒன்று, குதிரை போன்றவற்றை ஓட்டுவதற்கு ‘ஏர்னன்’ என்று இன்னொன்று. காலப்போக்கில் இரண்டும் ஒரே ‘ரன்’னில் கலந்துவிட்டன. கலந்ததை மறுபடி பிரிக்கும் வசதி தமிழ் தெரிந்தவர்களுக்குக் கையிலேயே இருக்கிறது.

பிரித்ததும் சீட்டுகள் சோடி சோடியாகச் சேர ஆரம்பித்தன. நிரல் ஓடுகிறது, நிரலை ஓட்டுகிறோம். பேருந்து ஓடுகிறது, பேருந்து ஓட்டுகிறார்கள். செய்தி பத்திரிகையில் வருகிறது, பத்திரிகை செய்தியை வெளியிடுகிறது. குழாயில் தண்ணீர் ஓடுகிறது, குளிக்கத் தொட்டியில் தண்ணீர் பிடிக்கிறோம். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் ‘ரன்’ மட்டும்தான்.

நிறுவனத்தை ‘ரன்’ பண்ணுவது என்ற சீட்டில்தான் நிறைய நேரம் நின்றேன். வியாபாரம் நன்றாக ஓடுகிறது என்கிறோம், ஆனால் வியாபாரத்தை நடத்துகிறோம். நடத்து என்பது நட என்பதன் பிறவினை. ஆங்கிலேயர் ஓட்டுவதை நாம் நடக்க வைக்கிறோம்! அதையே ‘கடையை ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்று சொன்னால் சிரமத்தோடு சமாளிக்கிறார் என்று புரிந்துவிடும். தேர்தல் இன்னும் வேடிக்கை. அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ பண்ணுகிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ பண்ணுகிறார், நம் வேட்பாளரும் நிற்கிறார்.

செயப்படுபொருள் இருந்தும் ஓட்டு என்று மாற்ற முடியாத சீட்டுகள் மூன்றாம் குவியல். சிவப்பு விளக்கைத் தாண்டிப் போவது, கப்பல் முற்றுகையை ஊடுருவிப் போவது, ஆற்றின் வேகச் சுழிப்பில் படகு விடுவது, ஆபத்தை எதிர்கொள்ளத் துணிவது. விளக்கும் முற்றுகையும் எங்கும் ஓடவில்லை. நால்வரும் ஏதோ ஓர் ஆபத்தைக் கடந்து ஓடுகிறார்கள். இப்படி ஒரு கூட்டம் தானாகச் சேர்ந்தது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி. காய்ச்சல் அடிப்பதற்கும் ‘ரன்’ என்பார்கள். அந்தச் சீட்டை இந்தக் கூட்டத்தில் சேர்க்க மனம் வரவில்லை, தனியாகக் கிடக்கிறது.

ஒட்டுச்சொல் சேர்ந்து வருபவற்றை இப்போதுதான் தொட்டிருக்கிறேன். ‘ரன் அவுட்’ கிரிக்கெட்டில் ஒன்று, வீட்டில் பால் தீர்ந்துபோனால் வேறொன்று. பால் தீர்ந்தது என்பதற்குப் பாலையும் எழுவாயாக வைக்கலாம், ‘வி ஹேவ் ரன் அவுட்’ என்று நம்மையும் வைக்கலாம். தமிழில் பால்தான் தீரும், நாம் தீர்வதில்லை. ‘ரன் டவுன்’ அதைவிட மோசம்: பேட்டரி தீர்வது, வண்டி ஆளை இடித்துத் தள்ளுவது, ஒருவரை மட்டம் தட்டுவது, தேடிக் கண்டுபிடிப்பது என்று நான்கும் அதற்குள் இருக்கின்றன.

பெயர்ச்சொல்லாக வரும் சீட்டுகள் பெரிய தொல்லை தரவில்லை. கோழிகளுக்கு வேலி போட்ட இடம், பனிச்சறுக்குத் தடம், வங்கியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க முண்டியடிப்பது, காலுறையில் நூல் விட்டு ஓடும் கோடு. அமெரிக்காவின் சில பகுதிகளில் ஓடைக்கே அந்தப் பெயர். 1861-இல் வர்ஜீனியாவில் போர் நடந்த ‘புல் ரன்’ ஓர் ஓடைதான். கிரிக்கெட்டில் மட்டும் ஒரு கேள்வி நிற்கிறது. ‘இரண்டு ரன் ஓடினார்’ என்று சொல்கிறோம், ஓட்டமே ஓட்டத்தின் அளவாகிவிட்டது. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்து போனால் ஓடாமலேயே நான்கு ‘ரன்’. அதை ஓட்டக் குவியலில் வைப்பதா, எண்ணிக்கை என்று தனியாக வைப்பதா என்று தீர்மானித்ததும் பெயர்ச்சொல் பெட்டியை மூடிவிடலாம்.